ஓட்டத்தை விடாமல் பட்டத்தை முடிக்க முடியுமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பேராதனை கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். பாடசாலையில் 5000 மீற்றர் ஓடினேன், மாகாண மட்டம் வரை போனேன். “இனி ஓட்டமெல்லாம் வேண்டாம் மகள், படி” என்கிறார் அப்பா. இரண்டையும் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில்: இருக்கிறேன் தங்கச்சி. நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவள், 5000மும் 10,000மும் ஓடியவள். கலைப்பீடத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தேன், உங்கள் கம்பஸ் இல்லை, வேறொன்று. முடியும். ஆனால் ஒரு பாடத்தை ரிபீட் எழுதித்தான் முடித்தேன். அந்தக் கதையையே முதலில் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உதவும்.

எங்கள் பீடத்தில் பரீட்சை எழுத 80 சதவீத வரவு வேண்டும். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு இரண்டு விரிவுரை, 15 வாரம், மொத்தம் 30. அதில் 24க்கு நாம் இருக்க வேண்டும். ஆறுதான் மிச்சம். இரண்டாம் வருடம், புவியியலில் ஒரு பாடம். கொழும்புப் பக்கத்துத் தியகமவில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி. போக, ஓட, வர என்று அந்த வாரத்து இரண்டும் போயின. அதற்கு முந்திய தெரிவுப் போட்டிகளுக்கு இரண்டு, பயிற்சி முகாமுக்கு ஒன்று, திரும்பி வந்து படுத்த காய்ச்சலுக்கு ஒன்று. ஆறும் முடிந்தது. ஏழாவது விளையாட்டால் போகவேயில்லை. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனவள், திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸைத் தவறவிட்டேன். 30க்கு 23. கதவில் ஒட்டிய பட்டியலில் என் பதிவிலக்கம் இல்லை.

போட்டிக்கான கடிதம் என்னிடம் இருந்தது. உடற்கல்விப் பிரிவில் கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டுத்தான் தந்தார்கள். அதைப் பயணப் பையின் பக்க உறையில், ஸ்பைக்ஸ் (ஓட்டத்துக்கான ஆணிச் சப்பாத்து) துடைக்கிற துணியோடு வைத்து மறந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்து, செம்மண் கறையோடு கொண்டுபோய் நீட்டினால் யார் வாங்குவார்? “போகுமுன் தந்திருந்தால் பதிந்திருப்பேனே பிள்ளை” என்றார் விரிவுரையாளர். கோபம்கூடப் படவில்லை மனிதர், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருடம் ஜூனியர் பெட்ச்சோடு உட்கார்ந்து எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன், ஆனால் எங்கள் விதிப்படி ரிபீட்டுக்கு ‘சி’தான் உச்சம். பெறுபேற்றுப் பத்திரத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் பயிற்சிக்குத்தான் பயப்படுகிறார்கள். பயிற்சி ஒன்றும் செய்யாது. காலை ஐந்தேகால் முதல் ஆறரை வரை, பின்னேரம் ஒரு மணித்தியாலம்; ஹொஸ்டல் கட்டிலில் போன் பார்த்துக் கிடக்கிற நேரம் அதைவிட அதிகம். படிப்பில் கை வைப்பது போட்டித் திகதிகளும் பயணமும்தான். அதுவும் தமிழ்மொழி மூல வகுப்பு என்றால் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்போம். ஒரு கதிரை காலியாக இருந்தாலே தெரியும். குறிப்பு வாங்கிக் கொப்பி பண்ணவும் நாலைந்து பேரை விட்டால் ஆள் இல்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே விதி வைத்திருக்கிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, போட்டிக் காலத்தில் கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. மேல்மட்டப் பிரிவில் ஆடுகிறவர் இரண்டாம் வருட முடிவில் பட்டத்தின் 40 சதவீதத்தையும், மூன்றாம் வருட முடிவில் 60ஐயும், நான்காம் வருட முடிவில் 80ஐயும் முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மைதானத்தில் இறங்க முடியாது. அந்தக் கணக்கை நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் ஆள் ஒருவரும் அங்கே படித்திருக்கிறார்: யாழ் மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குகளுக்குப் போனவர். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து நாட்டுக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அப்புறம் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், என் அப்பாவிடம் எடுபடவில்லை.

ஆனாலும் அப்பாமாரைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மா கொழுந்தெடுத்த காலம், 2016 கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகும் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், கொடுப்பனவெல்லாம் சேர்ந்தால்தான் 730. என் முதல் ஸ்பைக்ஸ் அம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் மலையேற்றம். பல்கலைக்கழக மாணவருக்கான மஹாபொல உதவித்தொகை 5000 ரூபாய் வர ஆரம்பித்த பிறகுதான் முட்டையும் சப்பாத்தும் என் காசில் வாங்கினேன். இந்த நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களில் பலர் முப்படை அணிகளில் சம்பளத்தோடு ஓடுகிறவர்கள். நமக்குச் சம்பளம் பட்டத்தின் பக்கத்திலிருந்துதான் வரும். எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் ஒரு போட்டியை விடுங்கள், ஒரு பரீட்சையை விடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சேர்ந்த முதல் வாரமே பீடக் கைநூலில் வரவு, பரீட்சை விதிகளைப் படியுங்கள். பீடத்துக்குப் பீடம் மாறும், சீனியர் சொல்வதை நம்பிவிட வேண்டாம். உடற்கல்விப் பிரிவில் வருடத்துப் போட்டித் திகதிகளைக் கேட்டு, கால அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எல்லாப் போட்டிக்கும் போகத் தேவையில்லை, வருடத்துக்கு இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். கடிதத்தைப் போவதற்கு முன்பே கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பிரதியை ஸ்பைக்ஸ் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

ஓட்டத்தைப் பற்றி ஒன்று. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேலே, பேராதனை ஏறத்தாழ 500. கீழே இறங்கியதும் கால் லேசாக இருக்கும், நேரமும் குறையும். அந்த மகிழ்ச்சியில் முதல் மாதமே ஓட்டத் தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள், எனக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு வலி வந்தது அப்படித்தான். கொழும்பில் ஓடும்போது வேறு கதை. அந்தப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. 10,000 மீற்றரில் பதினைந்தாவது சுற்றில் எனக்குக் காது அடைத்துப்போனது. முடிந்தால் இரண்டு நாள் முன்னதாக இறங்குங்கள். அதற்கும் கடிதத்தில் திகதி போட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளும் உங்கள் ஆறில்தான் கழியும்.

முதல் செமஸ்டர் அட்டவணை கைக்கு வந்ததும் இங்கே கீழே போடுங்கள். எந்தெந்த வாரம் இடிக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம். உங்கள் 5000 நேரத்தையும் எழுதுங்கள், அதைக் கேள்வியில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.