மரவில்லின் கைப்பிடியை வலுவாக்குதல்: கேள்வி பதில்

மரத்தில் வில் செய்யப் பழகும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், கைப்பிடியைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வில்லாளியை நோக்கியிருக்கும் பக்கத்தை வயிறு என்றும், இலக்கை நோக்கியிருக்கும் பக்கத்தை முதுகு என்றும், வளையும் இரு பகுதிகளையும் கரங்கள் என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: முக்கால் அங்குலக் கனமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள ரெட் ஓக் பலகையில் வில் செய்து, நடுவில் 8 அங்குல நீளக் கட்டை ஒன்றை வயிற்றுப் பக்கம் ஒட்டினேன். நாணை 24 அங்குலம் இழுத்தபோது 'டக்' என்ற ஓசையுடன் கட்டையின் ஒரு முனை பெயர்ந்துவிட்டது. இதைவிட வலுவான பசை எது, ஐயா?

பதில்: பசையை மாற்றுவதற்கு முன், பெயர்ந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்து மர நார்கள் பிய்ந்து மறுபக்கத்தில் ஒட்டியிருந்தால், பசை தன் வேலையைச் செய்துவிட்டது, மரம்தான் விட்டுக்கொடுத்தது என்று பொருள். பசை நகம்போல் வழவழப்பாக மின்னினால், அது மரத்தைப் பற்றவே இல்லை.

எனினும், நான் பார்த்த பெரும்பாலான வில்களில் குற்றம் பசையிடம் இல்லை. கட்டைக்கு அடியில் இருக்கும் பலகை வளைகிறது, கட்டையோ வளைய மறுக்கிறது. ஆகவே கட்டையின் முனையில், ஒட்டிய உறையைப் பிரிப்பதுபோல ஓர் இழுப்பு உண்டாகிறது. பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடிப்பதில் பசை வல்லது. இப்படி உரித்தெடுக்கும் இழுப்பைத் தாங்குவதில் எந்தப் பசையும் அவ்வளவு வல்லதன்று. எனவே, வளைவு கட்டையின் அடிவரை வந்து சேராமல் தடுப்பதே உண்மையான வலுவூட்டல்.

அதற்கு இரண்டு இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, கட்டை கரத்தோடு கலக்கும் சரிவு. ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலமாவது நீண்டு, முனை காகிதம்போல் மெலிந்து, பசைக்கோட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படாத அளவுக்கு அது கலந்துவிட வேண்டும். தொடக்க காலத்தில் நான் செய்த ஒரு வில்லில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் படி ஒன்றை விட்டுவிட்டேன். மயிரிழை போன்ற முதல் கீறல் சரியாக அந்தப் படியின் அடியில்தான் தோன்றியது. இரண்டாவது, அகலத்தைக் குறைக்கத் தொடங்கும் இடம். கனம் போதிய அளவு ஏறிய பிறகே அகலம் குறைய வேண்டும். பலரும் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சரிவின் நுனியிலேயே அகலத்தைக் குறைத்துவிடுவதால், வில்லின் மிக நலிந்த இடம், வளைக்கும் விசை மிகுதியாக வந்து சேரும் நடுப்பகுதியை ஒட்டியே அமைந்துவிடுகிறது.

கேள்வி: கைப்பிடியை ஒன்றேகால் அங்குல அகலத்துக்குக் குறைத்தால் எவ்வளவு கனம் வேண்டும்?

பதில்: விறைப்பு அகலத்தின் விகிதத்தில் மாறும், கனத்தைப் பொறுத்தோ, அதன் மும்மடிப் பெருக்கத்தில் (கனம் × கனம் × கனம்) மாறும். ஒன்றரை அங்குலம் ஒன்றேகால் ஆகும்போது விறைப்பில் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. முக்கால் அங்குலக் கனத்தை ஒன்றரை ஆக்கினால் அது 8 மடங்கு ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 6 மடங்குக்கு மேல் மிஞ்சும், அது போதும். ஆனால், முக்கால் அங்குலப் பலகைகள் இரண்டை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 2 மடங்குதான் கிடைக்கும். பசைக்கோடு முழுமையாகப் பற்றியிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: கட்டைக்கு ஈட்டி மரம் வைத்திருக்கிறேன். எபாக்சி (இரு கூறுகளைக் கலந்து பூசும் பசை) போதுமா?

பதில்: போதும். ஈட்டியிலும் தேக்கிலும் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், உப்புத்தாளால் புதிதாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்தவுடன் தாமதிக்காமல் ஒட்டுங்கள். எபாக்சிக்குச் சற்றுச் சொரசொரப்பான முகம் நல்லது; கிளாம்பை மிக இறுக்கினால் பசை முழுவதும் வழிந்து வெளியேறிவிடும். சாதாரண மரப் பசைக்கு இதற்கு நேர்மாறாக, இழைப்புளியால் சீவிய, இடைவெளியில்லாத முகமும் நல்ல இறுக்கமும் தேவை.

கேள்வி: இரண்டு திருகாணிகளை முடுக்கிவிட்டால் உறுதியாகிவிடாதா?

பதில்: வேண்டாம். துளை நார்களை அறுக்கிறது. இழுவிசையைத் தாங்கும் முதுகுவரை அது எட்டினால் வில் அங்கேயே முறியும்.

கேள்வி: நான் மூங்கில் முதுகு ஒட்டி வில் செய்கிறேன். கைப்பிடிக்கு அடியில் இன்னொரு பட்டை வைக்கலாம் என்கிறார்களே? நூல் சுற்றுவதும் உதவுமா?

பதில்: பட்டை வைப்பது மிக நல்ல முறை. முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையில், இரு முனைகளும் மெலிந்த ஒரு பட்டையை, கைப்பிடிக் கட்டையைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அல்லது 3 அங்குலம் நீளமாக வைத்து ஒட்டினால், நடுப்பகுதி உள்ளிருந்தே விறைப்படைகிறது. பட்டையின் முனையும் கட்டையின் முனையும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. அப்படி முடிந்தால் வளைவு அந்த ஓரிடத்தில் மடிப்பாக விழும்.

பசையில் நனைத்த லினன் நூலைச் சரிவின் கடைசி ஓர் அங்குலத்தில் நெருக்கமாகச் சுற்றுவது, முனை உரியாமல் காக்கும். அடியில் பலகை வளைந்துகொண்டிருந்தால், அதே சுற்று கீறலை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஆகவே வளைவைச் சரிபார்த்து முடித்த பிறகே சுற்றுங்கள்.

கேள்வி: பழங்காலத்தவர் இவ்வளவு பசையில்லாமல் எப்படிச் செய்தார்கள்?

பதில்: டென்மார்க்கின் ஹோல்மகோர் (Holmegaard) சதுப்பில் 1944-இல் கிடைத்த எல்ம் மர வில்கள் ஏறத்தாழ 9000 ஆண்டுகள் பழையவை. அவற்றில் கைப்பிடி குறுகலாகவும் கனமாகவும், கரங்களோடு ஒரே மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர்வதற்கு ஒட்டு என்பதே இல்லை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த ஆங்கில நெடுவில்களில் குறுகிய கைப்பிடியே கிடையாது. போதிய கனமான மரம் கிடைத்தால், ஒரே துண்டில் செதுக்குவதையே நான் இன்றும் விரும்புகிறேன்.

கேள்வி: ஒரே மரத்தில் செய்த என் வில்லின் கைப்பிடியில், ரேகை ஓட்டத்தை ஒட்டி நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு இருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் நாணைக் கழற்றிவிடுங்கள். வெடிப்பின் இரு முனைகளையும் பென்சிலால் குறித்து, மெல்லிய சூப்பர் குளூவை அது உறிஞ்சும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். நன்கு உலர்ந்தபின் நூல் சுற்றாமலேயே சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்து, வெடிப்பு குறியைத் தாண்டாமல் இருந்தால் மட்டும் நூலைச் சுற்றுங்கள். குறியைத் தாண்டியிருந்தாலோ, வெடிப்பு சாய்வாக ஓடி முதுகின் மேல் வெளிப்பட்டாலோ, அந்த வில்லை மீண்டும் இழுக்காதீர்கள்.