சொந்த ரத்தமே மருந்தாகுமா? பி.ஆர்.எஃப். பற்றிக் கேள்வி பதில்

தருமபுரியில் ஈறு சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். "ரத்தத்தை எடுத்துச் சுற்றிப் பல் குழியிலே வைக்கிறார்களாமே, அது என்ன?" என்று இப்போதெல்லாம் பலரும் கேட்கிறார்கள். அதுதான் பி.ஆர்.எஃப்.: நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், தட்டணு (பிளேட்லெட்) நிறைந்த உறைவு. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பாலக்கோடு): டாக்டரம்மா, ஞானப்பல் எடுத்த குழியில் என் ரத்தத்திலிருந்து பி.ஆர்.எஃப். செய்து வைக்கலாம் என்கிறார்கள். டெங்கு வந்தால் ஏற்றுகிற பிளேட்லெட்தானா இது?

அணு ஒன்றுதான், வேலை வேறு. டெங்குவில் ஏற்றுவது இன்னொருவர் கொடுத்த தட்டணு. பி.ஆர்.எஃப்.புக்கு உங்கள் கையிலிருந்தே சில சின்னக் குழாய்கள் அளவு ரத்தம் எடுப்போம்.

நம் ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் உண்டு. காயம் பட்டால் ஓடி வந்து ஓட்டையை அடைப்பவை இவைதான். அதோடு நிற்பதில்லை. புதிய ரத்தக் குழாய்களும் திசுவும் வளரத் தூண்டும் புரதங்களை உள்ளே சுமந்து வந்து அங்கேயே கொட்டுகின்றன. அந்த வேலையாட்களைத் திரட்டி, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்.

1998-ல் அமெரிக்காவின் ராபர்ட் மார்க்ஸ் தாடை எலும்பு ஒட்டுகளில் பி.ஆர்.பி. என்ற, தட்டணு நிறைந்த திரவ வடிவத்தைப் பயன்படுத்திக் காட்டினார். அதற்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கலக்க வேண்டும். 2001-ல் பிரான்சின் ஜோசப் சுக்ரூன் எதையும் கலக்காமல் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் பி.ஆர்.எஃப். எடுத்த ரத்தத்தை உடனே சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் வைத்து நிமிடத்துக்கு 2700 சுற்றில் 12 நிமிடம் ஓட்டினால், மேலே மஞ்சள் நீர், அடியில் சிவப்பணு, நடுவே தயிர்க்கட்டி போல ஒரு உறைவு நிற்கும். அதை எடுத்து அழுத்தினால் மெல்லிய சவ்வாகிவிடும். அதைக் குழியில் வைத்துத் தைப்போம்.

இதில் எல்லாமே அந்த "உடனே"வில்தான் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒருமுறை நரம்பு கிடைக்காமல் தாமதமாகி, குழாய் இயந்திரத்துக்குப் போகும் முன்பே ரத்தம் உறைந்துவிட்டது. அந்தப் பாட்டிக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எல்லாம் தயாரான பிறகுதான் ஊசியைத் தொடுவேன்.

உங்களுக்கு என் பதில்: கீழ்த்தாடை ஞானப்பல் என்றால் வைத்துக்கொள்ளலாம். வலி குறையவும், குழியில் உறைவு கலைந்து எலும்பு வெளியே தெரியும் அந்தக் கொடுமையான வலியைத் தவிர்க்கவும் உதவுகிறது. ஆனால் வைத்த பிறகு பீடி பிடித்தால் அத்தனையும் வீண்.

கேள்வி (பென்னாகரம்): என் மகளுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. சின்ன வயதில் போர் தண்ணீர்தான் குடித்தாள். இந்தச் சிகிச்சையில் பல் வெளுக்குமா?

இல்லை அம்மா. யாராவது வெளுக்கும் என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் இருக்கவே கூடாது. எனாமல் உருவாகிற குழந்தைப் பருவத்தில் அது அதிகமானால் கறை பல்லுக்குள்ளேயே படிந்துவிடும். எனாமலைக் கட்டும் செல்கள் பல் முளைத்ததும் அழிந்துபோகின்றன. தூண்டிவிட அங்கே உயிருள்ள செல்லே இல்லாதபோது தட்டணு என்ன செய்யும்? கறைக்கு வேறு வழிகள் உண்டு: மேற்பரப்பை லேசாகத் தேய்த்தெடுப்பது, பல் நிறத்தில் பூச்சு. மகளின் முளைத்த பல்லில் இனி ஃபுளோரைடால் புதுக் கறை வராது, ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே கொடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி (காவேரிப்பட்டணம்): அப்பாவுக்கு முட்டி வலி. பி.ஆர்.பி. ஊசி போட்டால் தேய்ந்த மூட்டு வளரும் என்கிறார்களே?

இது என் துறை இல்லை, ஆனாலும் படித்ததைச் சொல்கிறேன். 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. சிலருக்கு பி.ஆர்.பி., மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். 12 மாதம் கழித்துப் பார்த்தால் வலியிலும் குருத்தெலும்பிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. வலி குறைந்ததாகச் சொல்லும் வேறு ஆய்வுகளும் உண்டு. "வளரும்" என்ற வாக்கை மட்டும் நம்பாதீர்கள். அப்புறம், அப்பா பல வருடம் போர் தண்ணீர் குடித்தவர் என்றால் அதையும் எலும்பு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபுளோரைடு எலும்பையும் மூட்டையும் பாதிக்கும்.

கேள்வி (ஓசூர்): கல்யாணத்துக்கு முன் பியூட்டி பார்லரில் முகத்துக்கு பி.ஆர்.பி. செய்யலாமா?

பார்லரில் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் 2018-ல் இதைச் செய்துகொண்டவர்களில் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. செய்வதென்றால் தோல் மருத்துவரிடம் செய்யுங்கள். குழாயும் ஊசியும் உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி (அரூர்): சர்க்கரை இருக்கிறது, இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். பல் எடுக்க வேண்டும். பி.ஆர்.எஃப். ஆகுமா?

பெரும்பாலும் ஆகும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. மாத்திரைச் சீட்டை முதல் நாளே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உறைவு மெதுவாகத்தான் பிடிக்கும் என்பதால் கூடுதல் நேரம் சுற்ற வேண்டியிருக்கும். சர்க்கரையை முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் எந்தச் சவ்வை வைத்தாலும் புண் ஆற நாளாகும்.

கேள்வி (ஊத்தங்கரை): ரத்தம் எடுக்கிற அன்று வெறும் வயிற்றோடு வரணுமா?

மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற சிகிச்சைக்கு வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வாருங்கள், களியோ இட்லியோ. பூரி, போண்டா போன்ற எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேண்டாம், மேலே நிற்கிற மஞ்சள் நீர் கலங்கிவிடும். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நரம்பு சுலபமாகக் கிடைக்கும்.