பத்தாயிரத்துக்கு முடிந்த விபத்து

கேள்வி: போன மாதம் காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட சிக்னலில் நின்ற என் வேகன் ஆர் காரின் பின்னால் வேன் ஒன்று இடித்துவிட்டது. சாரதி இறங்கி வந்து, பிழை தன்னுடையதுதான் என்றார். "பொலிசுக்குப் போனால் ரெண்டு பேருக்கும் அலைச்சல், மிஸ்" என்று சொல்லி பத்தாயிரம் ரூபாவைக் கையில் வைத்தார். பின்னால் ஒரே ஹோர்ன் சத்தம், மகளைப் பாடசாலையில் ஏற்றவும் நேரமாகிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கராஜில் பம்பரைக் கழற்றினால் உள்ளே இரும்பு வளைந்திருக்கிறது, பின்கதவும் சரியாகப் பூட்டவில்லை. எஸ்டிமேட் 85,000. வேன்காரர் இப்போது போனை எடுப்பதே இல்லை. என்னிடம் முழுக் காப்புறுதி இருக்கிறது. இனி ஏதும் செய்யலாமா?
*வாசகி, வெள்ளவத்தை*

பதில்: செய்யலாம். ஆனால் இன்றைக்கே தொடங்குங்கள்.

முதலில் உங்கள் காப்புறுதிக் கம்பெனிக்கு அறிவியுங்கள். போனில் சொன்னால் போதாது, எழுத்திலும் கொடுங்கள். பிந்தி அறிவித்ததைக் காரணம் காட்டி அவர்கள் மறுக்கலாம். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பிறகு உதவும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விபத்து நேற்று நடந்த மாதிரித் திகதியை மாற்றிச் சொல்லாதீர்கள். கராஜ்காரரே சில வேளை அந்த யோசனையைச் சொல்லித் தருவார். பத்தாயிரம் வாங்கியதையும் மறைக்க வேண்டாம். பொய் பிடிபட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் போய்விடும்.

அடுத்தது வேன்காரர். வாட்ஸ்அப்பில் நிதானமாக ஒரு செய்தி அனுப்புங்கள்: இன்ன நாள், இன்ன இடத்தில் உங்கள் வேன் என் காரில் இடித்தது, அன்று 10,000 தந்தீர்கள், திருத்தச் செலவு 85,000, மீதி 75,000. எஸ்டிமேட்டின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஏச்சும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். "அவ்வளவு தர ஏலாது" என்று அவர் ஒரு வரி எழுதினாலே, இடித்ததை ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டலாம். அதன் பிறகு பொலிசில் ஒரு என்ட்ரி போடுங்கள். பிந்தினாலும் போடுங்கள். இந்த அளவு தொகைக்கு வழக்கு என்று அலையத் தேவையில்லை, உங்கள் பகுதி மத்தியஸ்த சபையில் விண்ணப்பித்தால் இருவரையும் கூப்பிட்டுக் கதைப்பார்கள். "இதோடு எல்லாம் தீர்ந்தது" என்று ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைக்கவில்லை என்றால் உங்கள் நிலை பரவாயில்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சில வருடங்களுக்கு முன் பொரளையில் ஒரு பஸ் என் காரின் முன் மூலையை உரசிக்கொண்டு போனது. நான் பெரிய விபரக்காரன் மாதிரி என் காப்புறுதிக் கம்பெனிக்குப் போன் அடித்தேன். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் ஓர் அசெஸர் (சேதத்தை மதிப்பிடும் கம்பெனி ஆள்) வந்தார், நாலு படம் எடுத்தார், 18,000 ரூபாவை அந்த இடத்திலேயே தருவதாகச் சொன்னார். வெயிலில் காரின் பொனட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கராஜில் பார்த்தால் ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் கால்கள் இரண்டும் உடைந்து, லைட் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தையே எனக்குக் காட்டினார்கள்: முழுமையான இறுதித் தீர்வு.

இன்றைய கார்களின் பம்பர் ஒரு பிளாஸ்டிக் உறைதான். அடி வாங்கினால் உள்ளே போய், பிறகு தானே வெளியே வந்துவிடும், மேலே ஒரு கீறல்தான் தெரியும். அடியைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டமும், அதைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் இடங்களும். ரோட்டில் நின்று அதை யாராலும் பார்க்க முடியாது. வேன்காரராலும் முடியாது, அசெஸராலும் முடியாது. அதனால் அந்த இடத்திலேயே காசு என்றால் கண்ணாடி, கீறல் போன்ற வெளிக்காயத்துக்கு மட்டும் வாங்குங்கள். மூலையிலோ பின்னாலோ நேரடி அடி பட்டிருந்தால், "கராஜில் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனியொரு நாள் இப்படி நடந்தால் (நடக்க வேண்டாம்), யாருக்கும் காயமா என்று முதலில் பாருங்கள். காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், காசு கிடையாது. பிறகு 119. பொலிஸ் வரும்வரை வாகனத்தை அசைக்க வேண்டாம். காயம் இல்லையென்றால், எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும் வாகனத்தை நகர்த்தும் முன் படம் எடுங்கள். அடிபட்ட இடத்தை மட்டும் கிட்டப்போய் எடுத்து வைப்பதால் பயனில்லை. பத்தடி பின்னால் போய் இரண்டு வாகனமும், ரோட்டுக் கோடும், பக்கத்துக் கடை போர்டும் ஒரே படத்தில் விழ எடுங்கள். மற்றவரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், அவரது காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றையும் படம் எடுங்கள். அனுமதிப்பத்திரத்தைப் பறித்து வைத்திருக்க மட்டும் வேண்டாம். பிழை அவருடையது என்றால், அவருடைய கம்பெனிக்கும் அங்கிருந்தே போன் பண்ணச் சொல்லுங்கள். அந்த அசெஸர் வந்தால் உங்கள் காரையும் படம் எடுக்கச் செய்யுங்கள். பல பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் ஓட்டோவில் கார் ஒன்று இடித்ததற்கு பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். முழுவதையும் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இப்போது அதில் நான் திடீரென்று திரும்பியதாக இருக்கிறதாம்.
*வாசகர், கொட்டாஞ்சேனை*

பதில்: தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கும் உரிமை கொழும்பிலும் உண்டு. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரம் இல்லை என்பார்கள், அது பல இடங்களில் உண்மையும்தான். அப்படியென்றால் எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் விளங்கும் அல்லவா, அது போதும். விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். "அவசரம், போடுங்க" என்றால் இன்னும் அமைதியாக நில்லுங்கள்.

இப்போது முறைப்பாட்டின் பிரதியை எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். "இருக்கிறதாம்" என்பதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். உண்மையில் பிழையாக இருந்தால், பொறுப்பதிகாரியிடம் மேலதிக வாக்குமூலம் ஒன்று தர வேண்டும் என்று கேளுங்கள். காப்புறுதிக் கம்பெனி உங்கள் படிவத்தையும் பொலிஸ் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கும்.

கேள்வி: திருத்தச் செலவு 3 இலட்சம். கம்பெனி 1,65,000 மட்டுமே தருகிறது. "குறைக் காப்புறுதி" என்று கடிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒழுங்காகக் கட்டியவன் நான். இது ஏமாற்று இல்லையா?
*வாசகர், தெஹிவளை*

பதில்: கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காரை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருப்பதாகவும், அவர்கள் போட்ட சந்தை விலை 75 இலட்சம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 75இல் 45 என்றால் 60 சதவீதம். 3 இலட்சத்தில் 60 சதவீதம் 1,80,000. உங்கள் எக்ஸஸ் (கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 15,000ஐக் கழித்தால் 1,65,000. ஆக, கணக்குப் பிழையில்லை. காரின் பெறுமதியில் ஒரு பங்குக்குத்தான் பிரீமியம் கட்டினீர்கள், அதே பங்குதான் திரும்பி வருகிறது.

இந்தப் பொறியில் விழுந்தவர் நீங்கள் மட்டுமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் ஓடிக்கொண்டிருந்த கார்களின் விலை ஏறியது, 2022இல் ரூபா விழுந்தபோது இன்னும் ஏறியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. கார் பழசாகப் பழசாக விலை ஏறும் என்று யார் நினைத்தது? புதுப்பிக்கும்போது போன வருடத் தொகையையே போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

நீங்கள் சண்டை பிடிக்கக்கூடிய இடம் அந்த 75 இலட்சம். எந்த அடிப்படையில் அந்த விலை வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கார் எந்த வருடம், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைச் சேர்த்துப் பார்த்தார்களா? அதே மாதிரி, அதே வருடக் கார்கள் விபத்து நடந்த காலத்தில் என்ன விலைக்குப் போனது என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரங்கள், இக்மன் இணையதள விளம்பரங்கள் நாலைந்து சேர்த்துக் கொடுங்கள். மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கையும் எடுக்கலாம். 65 இலட்சம் என்று நிறுவினால் உங்கள் பங்கு 69 சதவீதத்துக்கு மேல், கையில் கிட்டத்தட்ட 27,700 கூட வரும். கம்பெனியின் இறுதிப் பதிலிலும் திருப்தி இல்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதிப் பிணக்குகளை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் கம்பெனிக்கு முதலில் முறையிட்டிருக்க வேண்டும், அந்தக் கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடு எடுக்கும்.

கேள்வி: கதவில் கீறல், 20,000 செலவு. கிளெய்ம் பண்ணலாமா, கையால் போடலாமா?
*வாசகர், மட்டக்குளி*

பதில்: உங்கள் நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் பண்ணாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவைப் பாருங்கள். உதாரணத்துக்கு, முழுப் பிரீமியம் 1,80,000, போனஸ் 50 சதவீதம் என்றால் 90,000 கட்டுவீர்கள். இந்தக் கிளெய்மால் போனஸ் 30 சதவீதத்துக்கு இறங்கினால் அடுத்த வருடம் 1,26,000. இருபதாயிரத்துக்காக 36,000. எக்ஸஸ் வேறு. உங்கள் போனஸ் எவ்வளவு இறங்கும் என்று ஏஜன்டிடம் கேட்டுவிட்டு, பிறகு படிவத்தை நிரப்புங்கள்.