வெல்டிங் ஓரத்துத் துருவும் டர்பைன் பிளேடும்: கார்பைடு பற்றி வந்த கேள்விகள்

விசைப்படகில் கடல்தண்ணீர் ஓடும் பைப், 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்). வெல்டிங் வைத்த இடம் நன்றாக இருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி துரு. ராடு சரியில்லையா? (பாம்பன்)

ராடு பாவம், அதை விட்டுவிடுங்கள். தள்ளிக் கோடு மாதிரி என்கிறீர்களே, அதுதான் துப்பு. வெல்டிங்கை ஒட்டிய பட்டை 450 முதல் 850 டிகிரி சூட்டில் நின்றால், எஃகின் உள்ளே இருக்கும் கார்பன், எஃகு ஆகியிருக்கும் குட்டிப் படிகங்களின் எல்லைக்கு ஓடிவந்து குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடாக உட்கார்ந்துவிடும், 23 குரோமியம் அணுவுக்கு 6 கார்பன் என்ற கணக்கில். கார்பன் வேகமாக ஓடும், குரோமியம் ஆடி அசைந்துதான் வரும். அதனால் எல்லையை ஒட்டிய இடத்துக் குரோமியம்தான் பறிபோகிறது. 18 சதவீதம் இருந்தது அங்கே மட்டும் 12-க்குக் கீழே இறங்கினால் துருவைத் தடுக்கும் படலம் நிற்காது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெல்டிங் ஓட்டியிருந்தால் இன்னும் மோசம். அடுத்த முறை கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாத எல் ரகம் கேளுங்கள். 304எல்லிலும் கடல்தண்ணீர் குழி பறிக்கும், காசு இருந்தால் 316எல்.

வழுதூர் மின்நிலையத்தில் ஓடுவது மாதிரியான கேஸ் டர்பைன்களின் பிளேடில் கார்பைடு வேண்டுமென்றே இருக்கிறதாமே? (மண்டபம்)

ஆமாம். நிக்கல் கலவையை வார்க்கும்போதே டைட்டானியம், டான்டலம் கார்பைடுகள் உருவாகின்றன. பல்லாயிரம் மணி நேரச் சூட்டில் அவை மெல்லச் சிதைந்து கார்பனை விட, அது எல்லையில் குரோமியக் கார்பைடாகிறது. வல்லத்தைக் கரையேற்றி நழுவாமல் இருக்கக் கல்லை முட்டுக் கொடுப்போமே, அதே வேலைதான்: தனித்தனி மணியாக இருந்தால் படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. மணிகள் சேர்ந்து தொடர்ச்சியான படலமாகிவிட்டால் மட்டும் வம்பு, விரிசல் அதன் வழியே ஓடிவிடும்.

சூடு ஏற ஏறக் கார்பைடு அதிகமாகுமா? (தொண்டி, மாணவர்)

ஆகாது. 304-ஐ 1050 டிகிரிக்குக் கொண்டுபோனால் கார்பைடு திரும்பக் கரைந்துவிடும். சட்டென்று தண்ணீரில் குளிர வைத்தால் கார்பன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நடுச்சூடுதான் ஆபத்து.

உலைக்குழாய் பழசாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? (வாலிநோக்கம்)

பாத்தியில் நாளாக ஆக உப்புக் கல் பெரிதாவதுபோல் கார்பைடும் பருக்கும். ஆனால் இங்கே புதுச் சரக்கு வருவதில்லை, சின்னது கரைந்து பெரியதோடு சேர்கிறது. முட்டுக் கொடுக்கும் மணிகளுக்கு நடுவே இடைவெளி கூடக் கூடக் குழாய் சுமையில் மெல்ல நீள ஆரம்பிக்கும். வெளியே நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பளபளப்பாகத் தேய்த்து, அமிலம் தடவி, அந்தப் பரப்பின் அச்சைப் பிளாஸ்டிக் தாளில் எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள், குழாயை வெட்டவே வேண்டாம்.