தோட்ட நகரம் கட்டினா வாடகை குறையுமா?

அண்ணா வணக்கம்,
கடலூர் மஞ்சக்குப்பத்துல வாடகைக்கு இருக்கேன், வேலை பாண்டியில. பஸ்ல போற வழியெல்லாம் பிளாட் போட்டிருக்காங்க, ஆனா நமக்கு ஒரு வீடு கிடைக்க மாட்டேங்குது, கிடைச்சாலும் அட்வான்ஸ் கட்டுப்படியாகல. இங்கிலாந்துல தோட்ட நகரம்னு கட்டினாங்களாமே, அந்த மாதிரி ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒண்ணு வந்தா நம்ம பிரச்சனை தீருமா? இல்ல அதுவும் ஆரோவில் மாதிரி ஆயிடுமா?
– ஒரு வாசகர்

தம்பி வணக்கம்,

கொஞ்சம் தீரும், ஆனா தோட்டத்தால இல்ல. எல்லாரும் மரத்தையும் பார்க்கையும்தான் பாக்குறாங்க, 1898-ல எபனேசர் ஹோவர்ட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் இதைப் புத்தகமா எழுதுனப்ப அவர் மண்டைக்குள்ள ஓடுனது நிலம் யார் கையில இருக்கணும்ங்கறதுதான். விவசாய நிலத்தை விவசாய விலைக்கே மொத்தமா 6000 ஏக்கர் வாங்கணும், 1000 ஏக்கர்ல ஊரு, மிச்சம் சுத்தி வயலும் தோப்பும், மொத்தம் 32000 பேரு, ஆனா ஒரு சென்ட் கூட விக்கக் கூடாது, குத்தகைதான். ஊர் வளர வளர நிலத்து மதிப்பு ஏறுமில்ல, அது புரோக்கர் பாக்கெட்டுக்குப் போகாம ஊர்ப் பொதுவுக்கே வரும், அதுல நிலம் வாங்குன கடனை அடைச்சுட்டு வயசானவங்களுக்கு பென்ஷனே கொடுக்கலாம்னு கணக்குப் போட்டாரு மனுஷன்.

1903-ல இங்கிலாந்துல லெட்ச்வொர்த்னு ஒரு ஊரை நிஜமாவே கட்ட ஆரம்பிச்சாங்க. ஊர் நல்லாத்தான் வந்துச்சு, ஆனா கூலி வேலை பாக்குறவங்களுக்கு அங்க வாடகை கட்டுப்படியாகல, 1905-லயே 150 பவுண்டுக்குள்ள குடிசை வீடு கட்ட முடியுமான்னு கண்காட்சி வைக்க வேண்டியதாப் போச்சு. இந்த மாதிரி ஊருங்கள்ல பெரிய அளவுல வீடு வந்தது, 1946-ல அரசாங்கமே சட்டம் போட்டு புது ஊருங்களைக் கட்ட இறங்குனப்பதான்.

நம்ம பக்கம் நெய்வேலியைப் பாரு. நிலம் கம்பெனியோடது, அதனால குவார்ட்டர்ஸ், மர நிழல், அகலமான ரோடு எல்லாம் சாத்தியமாச்சு. ஆனா ரிட்டயர் ஆனா காலி பண்ணணும், நிலம் கொடுத்த ஊர்க்காரங்க இன்னமும் வேலைக்கும் இழப்பீட்டுக்கும் போராடிட்டு இருக்காங்க. ஆரோவில்ல வீட்டை யாரும் சொந்தமா வச்சு விக்க முடியாது, அது எனக்குப் பிடிச்ச விஷயம். ஆனா 1968-ல 50000 பேருக்குன்னு ஆரம்பிச்ச ஊர்ல இன்னைக்கு இருக்கறது சில ஆயிரம் பேர்தான், திட்டத்துல இருந்த நிலத்தை முழுசா வாங்கறதுக்குள்ள சுத்தி விலை எகிறிடுச்சு.

நீ சொல்ற இடத்துலயும் அதேதான் நடக்கும். திட்டம்னு பேப்பர்ல வந்த மறுநாளே ரேட்டு ஏறிடும், அதோட நடுவுல இருக்கறது பாகூர், ஏரித் தண்ணியில நெல்லு விளையற மண்ணு, அதுல போய் தோட்ட நகரமா? (இப்பவே ‘கார்டன் சிட்டி’ன்னு ஆர்ச் வச்ச லேஅவுட்டுங்க உள்ள போனா முள்ளுதான் மண்டிக் கிடக்கு, வாங்குனவங்க விலை ஏறட்டும்னு சும்மா போட்டு வச்சிருக்காங்க.)

என்னைக் கேட்டா ஹோவர்ட்கிட்ட எடுத்துக்க வேண்டியது அந்தக் குத்தகைக் கணக்கு மட்டும்தான். ஊருக்குள்ளயே இருக்கற அரசு நிலத்தை மனையா வித்துக் கையைக் கழுவாம, வீடு கட்டி குறைஞ்ச வாடகைக்கு விடட்டும், நிலம் பொதுவுலயே இருக்கட்டும். ஆனா கடலூர்ல அதைச் செய்யறப்ப கெடிலத்துக்கும் பெண்ணையாத்துக்கும் பக்கத்துல தாழ்வான இடமா பாத்து ஒதுக்கிடாம நீங்கதான் கேள்வி கேக்கணும், 2015 மழை யாருக்கும் மறந்திருக்காது.