மேற்குப் பார்த்த சிறிய மனை, மொட்டைமாடிச் சூடு, சோலார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 20-க்கு 40 அடி மனை, மேற்குப் பார்த்தது. தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டப் போகிறோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி எலிவேஷன், சாலைப் பக்கம் படுக்கையறைகள், மூன்று ஏசிக்கு பாயிண்ட் என்று காண்ட்ராக்டர் பிளான் கொடுத்திருக்கிறார். பட்ஜெட்டைக் கூட்டாமல் சூட்டைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பிளானில் பேனா வைத்திருக்கும்போதே செய்தாக வேண்டும், காங்கிரீட் போட்ட பிறகு எதை மாற்றினாலும் இரட்டைச் செலவு. முதலில் அந்தக் கண்ணாடியை எடுக்கச் சொல்லுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மேற்கு வெயில் தாழ்வாக வந்து நேராக அதில்தான் அடிக்கும், இரண்டு அடி சன்ஷேடு அதைத் தடுக்காது, உள்ளே வந்த சூடு எளிதில் வெளியே போகவும் போகாது. அதை ஏசி வைத்து விரட்ட மாதாமாதம் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.

அறைகளை அப்படியே திருப்பிப் போடுங்கள். மாடிப்படி, பாத்ரூம், பைக் நிறுத்தும் போர்ட்டிகோ எல்லாம் மேற்கில் வரட்டும், படுக்கையறை கிழக்கில் போகட்டும். வாஸ்து பார்க்கும் வீடாக இருந்தாலும் இதில் சண்டை வராது, தென்மேற்கில் படிக்கட்டையும் வாயு மூலையான வடமேற்கில் சமையலறையையும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நம் ஊரில் கோடை மத்தியானத்தில் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது, படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால்தான் அந்தக் காற்று உங்களுக்குக் கிடைக்கும். உள்ளே வந்த காற்று வெளியேற வழி வேண்டுமே, அதற்கு மாடிப்படியைப் பயன்படுத்துங்கள். படிக்கட்டு மொட்டைமாடியில் ஏறும் இடத்துக்கு மேல் வரும் ஹெட்ரூமின் உச்சியில் மழை உள்ளே அடிக்காத மாதிரி சாய்ந்த பட்டைகளோடு ஒரு வென்டிலேட்டர் வைத்தால் சூடான காற்று மேலேறி அதன் வழியே போய்விடும், பகலில் வீட்டு நடுவே விளக்கு போட வேண்டிய அவசியமும் குறையும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் மனைகளில் இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

ஜன்னல் வாங்கும்போது கவனம். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும், நான்கடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்று வாங்குகிறீர்கள். முழுதாகத் திறக்கும் கதவு வையுங்கள். கொசுவலையையும் அப்போதே சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று நன்றாக வரும் நேரத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கே, ஜன்னலைச் சாத்திவிடுவீர்கள்.

மேற்குச் சுவருக்கு மட்டுமாவது எட்டு அங்குல ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான காங்கிரீட் கல், கேளுங்கள். சூட்டைக் கடத்துவது செங்கல்லைவிடக் குறைவு, எடையும் குறைவு. காங்கிரீட் தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால் விரிசல் விடும், அதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் பேஸ்மென்ட் உயரம், அதாவது சாலையைவிட வீட்டுத் தரை எவ்வளவு மேலே என்பது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தும் ஊர் இது, உங்கள் ஏரியாவோ தாழ்வான பகுதி. அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: அம்பத்தூரில் பழைய வீடு, மாடியில் ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் கொதிக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்டா, வெள்ளை டைல்ஸா, ஃபால்ஸ் சீலிங்கா?

பதில்: சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, இடைப்பட்ட மாதங்களிலும் உச்சிக்குப் பக்கத்திலேயேதான். அதனால் வீட்டில் அதிக வெயில் வாங்குவது மொட்டைமாடிதான், வைத்தியமும் அங்கே மேல்பக்கத்தில்தான் நடக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் மேலே ஸ்லாப் காய்ந்துகொண்டுதான் இருக்கும், ஃபேன் வேறு தாழ்ந்துவிடும்.

முதலில் விரிசலையும் ஒழுகலையும் சரிசெய்யுங்கள், ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் உரிந்துவிடும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேலே தட்டோடு என்று போட்ட பழைய வெதரிங் கோர்ஸ் கெட்டியாக இருந்தால் அதை உடைக்க வேண்டாம், அது நல்ல பாதுகாப்பு, அதன் மேல் வெள்ளை பெயிண்ட் போதும். பெயர்ந்து கிடந்தால் டைல்ஸுக்குப் போகலாம். எதுவானாலும் வெள்ளையாக இருக்கும்வரைதான் வேலை செய்யும், தூசி படிந்தால் கழுவ வேண்டும். காசு இல்லையா, வெயில் ஏறும் முன் சுண்ணாம்பு அடியுங்கள், வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும், பலன் இருக்கும்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது. மானியம் வருகிறதே என்று 3 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அது உண்மை. ஆனால் ஒரு கிலோவாட்டே நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். உங்கள் 300-ல் முதல் 100 ஏற்கெனவே இலவசம். அதற்கு முன் ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரன்ட் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், மூன்றை மாற்றினால் 120. மீதி 180-க்கு மூன்று கிலோவாட் எதற்கு? ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் அப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும், தண்ணீர் டேங்கின் நிழலும் கணக்கில் சேரும்.

கேள்வி: இதையெல்லாம் காண்ட்ராக்டர் "செஞ்சிடலாம் சார்" என்கிறார். எப்படி நம்புவது?

பதில்: வாயால் சொன்னது எதுவும் கணக்கில்லை. சதுர அடி ரேட்டோடு நிறுத்தாமல் பிளாக்கின் தடிமன், ஜன்னல் எப்படித் திறக்கும், மொட்டைமாடியில் என்னென்ன அடுக்கு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆர்க்கிடெக்ட் என்று ஒருவர் சொன்னால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவு எண் கேளுங்கள், 1972 சட்டப்படி பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள், கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு தருவதாக இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள், அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் வழக்கு அங்கேயே போடலாம், ரசீதும் ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும்.