சிப்பில் புரளும் பிட்

கே: ஊட்டி ஆய்வகத்தில் அளக்கிறார்களே, அந்தக் காஸ்மிக் கதிர் விமானக் கம்ப்யூட்டரையும் குழப்புமாமே? ஈயத் தகடு பதித்துத் தடுக்கக் கூடாதா?
– வாசகி, கோத்தகிரி

ப: குழப்பும். சூரியச் சீற்றமும் அப்படித்தான். கடுமையான சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுத் தரவைச் சிதைக்கலாம் என்பதால்தான் 2025 நவம்பரில் சுமார் 6,000 ஏ320 வகை விமானங்களுக்கு ஏர்பஸ் அவசரத் திருத்தம் சொன்னது.

விண்ணிலிருந்து வரும் புரோட்டான் காற்றின் அணுக்களில் மோத, நியூட்ரானும் மியூவானும் (எலக்ட்ரானின் கனத்த உறவுத் துகள்) பொழிகின்றன. 40,000 அடியில் நியூட்ரான் கடல் மட்டத்தைவிடச் சில நூறு மடங்கு. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. ஆனால் சிப்பிலுள்ள சிலிக்கான் அணுக்கருவில் அது மோதினால் துண்டுகள் தெறிக்கும். அவை போகிற வழியில் விட்டுச்செல்லும் மின்னூட்டம் போதுமான அளவு சேர்ந்தால், மெமரியில் 0 இருந்த இடத்தில் 1. பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) புரள்வது இதுதான். சிப் பழுதாகவில்லை, திரும்ப எழுதினால் சரியாகிவிடும். அதற்குள் அந்த எண்ணை நம்பி இறக்கையின் அசையும் மடல் நகர்ந்துவிடக் கூடாது, கவலை அதுதான்.

ஈயம் உதவாது. வேகமான நியூட்ரான் ஈயத்தில் மோதினால் இன்னும் பல நியூட்ரான்களைக் கிளப்பும். ஊட்டியில் மியூவானை மட்டும் பிரித்தெடுக்க, துகளை எண்ணும் 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்களின் மேல் 2 மீட்டருக்கும் அதிகமாகக் கான்கிரீட் அடுக்கியிருக்கிறார்கள். மியூவான் அதையும் துளைத்துக்கொண்டு இறங்குகிறது! நியூட்ரானை அடக்கவும் அந்த மாதிரிப் பருமன் வேண்டும். எந்த விமானம் சுமக்கும்?

ஆகவே பிழை வரும் என்று வைத்துக்கொண்டே வடிவமைக்கிறார்கள். 64 பிட் தரவுக்கு 8 காவல் பிட் சேர்த்தால், புரண்டது ஒன்று என்றால் எது என்று கண்டு திருத்தலாம். இரண்டு புரண்டால் பிழை என்று மட்டுமே தெரியும், திருத்த முடியாது. மெமரியை ஓயாமல் வாசித்துத் திருத்தி எழுதிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். சும்மா விட்டால் முதல் பிழையோடு இரண்டாவதும் சேர்ந்துவிடும். இதற்கும் மேலே ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு. போயிங் 777-இல் 3 பறப்புக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் தனித்தனியே கணக்கிடும் 3 தடங்கள், தடத்துக்கு ஒரு வகை பிராசஸர். மூன்றும் ஒரே வகையாக இருந்தால், அந்தச் சிப்பின் உள்குறை மூன்றையும் ஒன்றாகக் கவிழ்த்துவிடும்.

கே: செயற்கைக்கோளிலும் இவ்வளவுதானா?
– வாசகர், குன்னூர்

ப: அங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. கன அயனி (எலக்ட்ரான்களை இழந்த கனமான அணு) ஒன்று சிப்பின் உள்ளே தேவையில்லாத மின்பாதையைத் திறந்துவிட்டால், கரன்ட் சட்டென்று ஏறும். திரும்ப எழுதினாலும் இது அடங்காது. காவல் சர்க்யூட் உடனே சப்ளையைத் துண்டித்து, அந்தப் பாதை அணைந்த பிறகுதான் மறுபடி கொடுக்க வேண்டும். தாமதித்தால் சிப் கருகிவிடும்.